நாலு பேர் போய், நாலு பேர் வந்தோம்

மே 3, வெள்ளி

பிள்ளைகள் வந்து எண்பது நாளாகிறது. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிற தத்தெடுப்பு மையத்து மேடம், "மனசுல படறத ரெண்டு வரி எழுதி வைங்க மைதிலி, பின்னாடி உங்களுக்கே ஒதவும்" என்று சொன்னதை நானும் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. இன்றைக்குத் தொடங்கிவிட்டேன்.

அல்லிக்கு ஏழு வயது. துரைக்கு நாலு. கூடப் பிறந்தவர்கள். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் மூன்று இல்லங்களில் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஏதோ ஒரு காரணத்துக்காக அடுத்ததற்கு மாற்றியிருக்கிறார்கள். இப்போது ஈரோடு சூரம்பட்டியில் எங்களோடு. கலெக்டர் ஆபீசிலிருந்து வரவேண்டிய கடைசி உத்தரவு மட்டும் பாக்கி.

அல்லியைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. போட்டதைச் சாப்பிடுவாள். தட்டைக் கழுவி வைப்பாள். எதைச் சொன்னாலும் "சரிங்கம்மா." வந்த அன்றைக்கே, செருப்பைக் கழற்றும் முன்பே என்னை அம்மா என்று கூப்பிட்டாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாகக் காதில் விழாத சொல். நான் வாசலிலேயே அழுதுவிட்டேன்.

துரை வேறு ரகம். இந்த வாரக் கணக்கு மட்டும்: இவருடைய சைக்கிள் கடையிலிருந்து வந்த, சக்கரத்தில் போடுகிற பால்ரஸ் குண்டு ஒன்றை மூக்கில் ஏற்றிக்கொண்டது, ஒரு செருப்பைக் கிணற்றுக்குக் கொடுத்தது, நேற்று, பத்துக் கிலோ அரிசி இருந்த டின்னில் தண்ணீர் ஊற்றியது. முளைக்கிறதா என்று பார்த்தானாம்.

நேற்று நான் கடையிலிருந்து வரும்போதே தலைவலி. டின்னைப் பார்த்ததும் இவரிடம் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத வேண்டியதில்லை. அலுப்பில் யாருக்கும் வருவதுதான்.

அதற்குத்தான் இன்றைக்கு இவர் ஒரு யோசனையோடு வந்தார். ஏற்காட்டில் 'கிலுகிலுப்பை' என்று ஒரு விடுதி இருக்கிறதாம். முழுக்க முழுக்க விளையாட்டுச் சாமான்களை வைத்தே கட்டியிருக்கிறார்களாம். போனில் படம் காட்டினார். பம்பரம் மாதிரி நாற்காலி, ரயில் மாதிரி படுக்கை. "ரெண்டு நாள் போயிட்டு வந்தா எல்லாத்துக்கும் மனசு லேசாயிரும் புள்ள" என்றார். எங்களைவிட அவருக்குத்தான் அதிக ஆசை என்று தெரிந்தது. நாற்பத்து நாலு வயது ஆள்.

மே 5, ஞாயிறு

துரை. மறுபடியும் மூக்கு. இந்த முறை பட்டாணி.

மே 8, புதன்

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். துரை கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து இவர் முதுகுக்கும் தாவினான். அல்லி நிதானமாகக் கேட்டாள்.

"அங்க நெறய பிள்ளைங்க இருப்பாங்களாம்மா?"

"நெறய இருப்பாங்க கண்ணு. வெளையாட ஆளுக்கா பஞ்சம்?"

"தனித்தனிப் படுக்கையா?"

"ஆமா. உனக்கு மேல, தம்பிக்குக் கீழ. ரயில்ல இருக்கிற மாதிரியே."

"தம்பி பக்கத்துலயே குடுப்பாங்கதான?"

"பின்ன?"

"சரிங்கம்மா."

அவளே இருவருடைய பையையும் அடுக்கினாள். பார்த்தால் இரண்டு நாள் பயணத்துக்கு உள்ளது அத்தனையும் எடுத்து வைத்திருக்கிறாள். ஸ்வெட்டர், பள்ளிக்கூட ரேங்க் கார்டு, தடுப்பூசி அட்டை.

"ரேங்க் கார்டு எதுக்குடா தங்கம்?"

"கேப்பாங்கம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

மே 10, வெள்ளி

வந்து சேர்ந்துவிட்டோம். கால் ஓய்ந்துவிட்டது, மனசு ஓயவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலையில் ஏழரைக்குக் காரில் கிளம்பினோம். சேலம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுகிற வேலையை இவர் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். மொத்தம் இருபது. துரைக்குப் பன்னிரண்டு வரைதான் தெரியும். அதற்கு மேல் வந்த ஒவ்வொரு வளைவையும் "இன்னொரு பன்னெண்டு" என்று எண்ணினான். அல்லி வழியெல்லாம் சாலையோரப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். மனப்பாடம் செய்வது போலிருந்தது.

விடுதியின் முன்கூடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை நிற்கிறது. கீழே ஒரு மிதிகட்டை. மிதித்தால் "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டும். துரை அதனிடம், "எனக்கு ஐஸ்கிரீம் வேணுமா?" என்று கேட்டு மிதித்தான். பொம்மை ஒத்துக்கொண்டது. "ரெண்டு வேணுமா?" அதற்கும் ஒத்துக்கொண்டது. இவரும் போய், "நான் ஒரு வாரம் கடைக்கு லீவு உட்டுறலாமா?" என்று கேட்டு மிதித்தார்.

வரவேற்பில் இருந்த பெண் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மஞ்சள் சட்டையும் கையில் கட்ட அறை எண் போட்ட பட்டையும் கொடுத்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் அதே மஞ்சள் சட்டையில்தான் இருந்தார்கள். அல்லி யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்: "என் பேரு அல்லி. ரெண்டாங்கிளாஸ் முடிச்சுட்டேன். இவன் துரை, நாலு வயசு. இவனுக்கு முட்ட ஒத்துக்காது."

"அடேங்கப்பா, எவ்ளோ பொறுப்பு!" என்றாள் அந்தப் பெண். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்களுக்கு ரயில் அறை. கதவைத் திறந்தால் விசில் ஊதுகிறது. எங்கள் கட்டில் ஒருபக்கம். மறுபக்கம் பச்சைத் திரைக்குப் பின்னால் மேலும் கீழுமாகப் பிள்ளைகளுக்குப் படுக்கை. மூலையில் நிஜ எஞ்சின் போலவே ஒரு ஓட்டுநர் பெட்டி, அதற்குள் ஒரு தொப்பியும் ஒரு விசிலும். தொப்பியை முதலில் யார் எடுத்தது என்று எழுத மாட்டேன். துரை அழுதான் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி. பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நிற்க வேண்டும், பொம்மை ரயில் ஒன்று சோற்றைச் சுமந்துகொண்டு மேஜையைச் சுற்றி வரும். மற்ற பிள்ளைகள் முண்டியடித்தார்கள். அல்லி மட்டும் தம்பியை முன்னால் நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பிட்டதும் தட்டைக் கழுவக் குழாய் தேடினாள்.

விளையாட்டுக்கூடத்தைக் கவனித்துக்கொள்கிறவர் ஸ்டெல்லா என்று ஒரு அம்மாள். ஏற்காட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் இருபது. அல்லி போன உடனே அவரையும் அம்மா என்று கூப்பிட்டாள். "தண்ணி எங்கிருக்கும்மா? பாத்ரூம் எந்தப் பக்கம்மா?"

அதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. மரியாதையாகக் கூப்பிடுகிற பிள்ளை, அவ்வளவுதான்.

மே 11, சனி, மதியம்

இன்றைக்குச் சிரித்த சிரிப்பில் விலா வலிக்கிறது.

விளையாட்டுக்கூடத்தில் வளைந்து வளைந்து இறங்குகிற குழாய்ச் சறுக்கு ஒன்று இருக்கிறது. பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. இவர் அதைப் படித்தார். நான் படித்ததையும் பார்த்தார். பிறகும் ஏறினார். மேலே "ஹோய்" என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவில் சிக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கறேன். எறங்கத்தான் முடியல" என்று குழாய்க்குள்ளிருந்து பதில்.

துரை ஓடிப்போய் மேலிருந்து இறங்கி இவர் முதுகில் மோதினான். அவனும் சிக்கினான். அவனைக் காப்பாற்ற இன்னும் மூன்று மஞ்சள் சட்டைகள் இறங்கின. உள்ளே ஒரு சட்டசபையே நடந்தது. ஸ்டெல்லாம்மா கீழ்ப்பக்கம் மண்டியிட்டு, "சார், மூச்ச வெளிய விடுங்க, தொப்பைய உள்ள இழுங்க" என்று கத்தினார். கடைசியில் எல்லாரும் மொத்தமாக வந்து விழுந்தார்கள், இவருடைய ஒரு செருப்பு நீங்கலாக.

அப்போது ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். அல்லி சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தியும் முடியாமல், தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய. எண்பத்தெட்டு நாளில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சிரி கண்ணு" என்றேன்.

"சரிங்கம்மா" என்றாள். ஆனால் அதற்கப்புறம் வரவில்லை.

மே 11, சனி, மாலை

நாலு மணிக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், பாப்பா எங்கிட்ட ஒண்ணு சொல்லிச்சு. உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன்."

"ஏனுங்க, ஏதாச்சும் ஒடச்சுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. தம்பிய விடியக்காலம் ஒண்ணுக்கு எழுப்பி விடணுமாம். இருட்டுன்னா பயப்படுவானாம். அவன் எதையாச்சும் ஒடச்சா தன்கிட்ட சொல்லணுமாம், அதுவே கூட்டிப் பெருக்கிடுமாம். தம்பிய மட்டும் வேற ரூமுக்கு மாத்திடாதீங்கன்னு சொல்லிச்சு. அப்புறம், 'அவங்க ஞாயித்துக்கெழம பாக்க வருவாங்களாம்மா'ன்னு கேட்டுது. யாருன்னு கேட்டேன். உங்களையும் சாரையும் காட்டிச்சு."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரே மாதிரி சட்டை. கையில் எண். மணி அடித்தால் சாப்பாடு. வரிசை. அடுக்குப் படுக்கை. கூடம் நிறையப் பிள்ளைகள். அவள் இதை விடுதி என்று நினைக்கவேயில்லை. நாலாவது இல்லம் என்று நினைத்திருக்கிறாள். விட்டுவிட்டுப் போகத்தான் கூட்டி வந்தோம் என்று ஈரோட்டில் பை அடுக்கும்போதே நினைத்திருக்கிறாள். அதற்குத்தான் ரேங்க் கார்டு.

அறைக்குப் போனேன். மேல் படுக்கையில் உட்கார்ந்து தம்பியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். துரை கீழே தூங்கிக்கொண்டிருந்தான்.

"அல்லி, இது ஓட்டலு. ஊருக்கு வந்தா தங்கிட்டுப் போற எடம். நாளைக்கு நாம எல்லாரும் நம்மூட்டுக்குப் போறோம்."

"சரிங்கம்மா."

"உங்கள உட்டுட்டுப் போக மாட்டோம்."

"சரிங்கம்மா."

"நெசமாத்தான் சொல்றேன் சாமி."

"சரிங்கம்மா."

எதைச் சொன்னாலும் அதே பதில். கை மடிப்பதை நிறுத்தவில்லை. இதற்கு முன் மூன்று முறை யாரோ இப்படித்தான் நல்ல குரலில் ஏதோ சொல்லியிருப்பார்கள், இவளும் சரிங்கம்மா என்றிருப்பாள். பேசிப் பயனில்லை என்று எனக்குப் புரிந்தபோது அவளே தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"அன்னிக்கு அரிசி டின்னுல தண்ணி ஊத்துனது நான்தாம்மா. தம்பி இல்ல."

துரை ஊற்றியதை நானே கண்ணால் பார்த்தேன். ஈரச் செம்பு அவன் கையில்தான் இருந்தது.

எழுத வேண்டியதில்லை என்று விட்டதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நான் இவரிடம் சொன்னது: "என்னால ஆகாதுங்க. இவங்கள எங்கியாச்சும் கொண்டுபோயி உட்டாத்தான் எனக்கு மூச்சு வரும்." கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னேன். எங்கள் வீட்டுக் கதவு மெல்லிய கதவு.

அவளிடம் அதையும் சொன்னேன். அன்றைக்கு அம்மா சொன்னது தப்பு, கோபத்தில் வந்த தப்பு என்று. அவள் மடித்த துணியை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

இவர் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. நேராகப் போய் மூலையில் இருந்த எஞ்சின் பெட்டிக்குள் தன்னை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டார். விசிலை ஊதினார். துரை திடுக்கிட்டு எழுந்தான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏற்காட்டிலிருந்து சூரம்பட்டி வரை செல்லும் நம்மூட்டு எக்ஸ்பிரஸ், நாளைக் காலை பதினோரு மணிக்குப் புறப்படும். டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துக்குங்கோ!"

விடுதியின் தாளைக் கிழித்து நாலு டிக்கெட் எழுதினார். ஒவ்வொன்றிலும் பெயர். துரைக்குச் சக்கரப் படம் போட்டு. அல்லி மேலிருந்து இறங்கி வந்து தன்னுடையதை வாங்கினாள். முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"இங்க திரும்பி வர்ற டிக்கெட் எங்கப்பா?"

"அது இந்த வண்டியில கெடையாதுங்கோ. போறதுக்கு மட்டுந்தான்."

அவள் டிக்கெட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். சரிங்கப்பா என்றுகூடச் சொல்லவில்லை.

மே 12, ஞாயிறு

ஆறரைக்கு விழித்தால் இரண்டு படுக்கையும் காலி.

அந்த ஐந்து நிமிஷத்தை எழுத எனக்குத் தைரியமில்லை. இவர் ஒருபக்கம் ஓட, நான் ஒருபக்கம் ஓட, முன்கூடம், விளையாட்டுக்கூடம், சாப்பாட்டு அறை. கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் இருந்தார்கள். எங்கள் பழைய காரின் கதவுக்குப் பக்கத்தில், பனியில், பையின் மேல் உட்கார்ந்து. துரையின் தலையில் ஸ்வெட்டர் சுற்றியிருந்தது. காவலாளி அவர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "டிக்கெட் காட்டினாங்கம்மா. ரயில் வரட்டும்னு காவலுக்கு இருக்கேன்" என்றார்.

அல்லியின் கையில் இரண்டு டிக்கெட்டும் இருந்தன.

"வண்டி பதினோரு மணிக்குத்தான கண்ணு?" என்றேன்.

"முன்னாடியே போயிட்டா?" என்றாள்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முழுசாக நம்பவில்லை. ஆனால் பாதி நம்பியிருக்கிறாள். நம்பாதவள் வந்து வண்டிக்குக் காத்திருக்க மாட்டாள்.

பத்து மணிக்குப் பொம்மலாட்டம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் இவர் முக்கியமாக வந்தார். ஒரு வாரமாக அதைப் பற்றியே பேச்சு. இவர் என்னைப் பார்த்தார், அல்லியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "நம்மூட்டு எக்ஸ்பிரஸ் இன்னிக்கு மட்டும் ஏழு மணிக்கே கெளம்புதுங்கோ. ஏறிக்குங்கோ, ஏறிக்குங்கோ."

அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் ஸ்டெல்லாம்மா இட்லிப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். அல்லியின் கன்னத்தைத் தட்டி, "மறுபடி வருவியா பாப்பா?" என்றார். அல்லி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மிக மரியாதையாக, "வர மாட்டேங்கம்மா" என்றாள். ஸ்டெல்லாம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இறங்கும்போது வளைவுகளைத் தலைகீழாக எண்ணினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் கேட்டாள், "இப்பவும் நம்ம ஊருக்குத்தான போறோம்?" இருபது தடவையும் இவர் விசிலடித்துப் பதில் சொன்னார். கடைசி வளைவில் துரை, "பன்னெண்டு!" என்று கத்திவிட்டு என் மடியில் வாந்தி எடுத்தான்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அல்லி ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். சமையலறை, கொல்லை, அரிசி டின். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். ரேங்க் கார்டைத் திரும்ப அலமாரியில் வைக்கிற சத்தம் கேட்டது.

மே 15, புதன்

கடையில் ஆள் இல்லை, நாளெல்லாம் நின்றே வேலை. துரைக்குச் சளி. புது அரிசி வாங்கினேன். டின்னுக்குப் பூட்டு வாங்கினார் இவர். சாவியைத் துரை எங்கோ நட்டுவிட்டான்.

மே 17, வெள்ளி

வெண்டைக்காய் வேண்டாம் என்று அல்லி தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். நான் பார்ப்பதைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

மே 24, வெள்ளி

இன்றைக்கு எண்ணெய்க் குளியல். துரையை இவர் பிடித்துக்கொண்டார். அல்லியைக் கூப்பிட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு மணை போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"வேணாம்."

"உக்காரு கண்ணு. சூடு தணியும்."

"வேணாம், கண்ணு எரியும்."

"அதெல்லாம் எரியாது. வா."

"முடியாது போ! எனக்கு ஒண்ணும் வேணாம். நீயே தேச்சுக்கோ!"

சொல்லிவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். நான் கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடினேன். துணிக்கொடியைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி, மறுபடியும் துணிக்கொடி. உடம்பெல்லாம் எண்ணெயோடு துரை இவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். பக்கத்து வீட்டு அமிர்தம் அக்கா மதில்மேல் எட்டி, "ஏன் மைதிலி, என்ன சண்ட காலங்காத்தால?" என்றாள்.

"பாருங்கக்கா, எப்படி எதுத்துப் பேசறா! என்னய நீ வா போங்கறா!" என்றேன். என் குரலில் இருந்தது கோபம் இல்லை என்பது அமிர்தம் அக்காவுக்கே தெரிந்திருக்கும்.

அல்லி சலவைக்கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அந்தப் பழைய பயம் ஒரு கணம் வந்தது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று பார்த்தாள்.

நான் மூச்சு வாங்கச் சலவைக்கல்மேல் உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்துவிட்டு, கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். "நீயே தேச்சுக்கோன்னு சொன்னயில்ல? எனக்குக் கையெட்டாது. நீ வந்து தேய்ச்சு உடு, பாக்கலாம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வந்து கிண்ணத்தை வாங்கி, அதிலிருந்த எண்ணெய் முழுவதையும் ஒரே மூச்சில் என் தலையில் கவிழ்த்தாள். துரை கை தட்டினான். காது, கழுத்து, ஜாக்கெட் எல்லாம் வழிந்தது. அவள் இரண்டு கையாலும் பரபரவென்று தேய்த்தாள், சிரித்துக்கொண்டே, வாயைப் பொத்திக்கொள்ளக் கை ஒழிவில்லாமல்.

"ஆடாம இரு! ஆடாம இருன்னு சொல்றேன்ல!" என்றாள் என்னை.

"சரிங்கம்மா" என்றேன்.

அவளே சீயக்காயும் போட்டுவிட்டாள். இதை எழுதும்போதும் எரிகிறது. கண்ணில் போகத்தான் செய்கிறது. பிள்ளை சொன்னது நிஜம்.